வைக்கோற்போருக்கு விலை கொடுப்பவர் யார்?

நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகவே நாம் அறிவோம். 1888-இல் மோகனூரில் பிறந்த அவர், இளமையில் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படத்தையும் அவர் வரைந்திருக்கிறார். காவிரிக் கரையில் பிறந்த இந்த ஓவியர் பெயர் பெற்றது மனித முகங்களை வரைந்துதான். ஆற்றையும் வயலையும் வரைந்து அல்ல. ஆர்வக் குறைவு இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. முகத்துக்குப் பணம் கொடுக்க மன்னரும் செல்வந்தரும் இருந்தனர். வைக்கோற்போருக்கு யார் கொடுப்பார்?

பிரான்ஸில் கொடுத்தார்கள். இராமலிங்கம் பிள்ளை சிறு குழந்தையாக இருந்த 1890-91-இல், கிளாட் மோனே தம் வீட்டருகே வயலில் நின்ற போர்களை ஏறத்தாழ 25 முறை வரைந்தார். (வைக்கோற்போர் என்று வழங்கினாலும் அவை கதிரடிக்காத தானியப் போர்களே.) காலை, மாலை, பனி, கோடை என வெளிச்சம் மாறுந்தோறும் ஒரு புதிய ஓவியம். 1891-இல் அவற்றுள் 15 ஓவியங்கள் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டு, சில நாள்களிலேயே விற்றுப்போயின.

இம்ப்ரஷனிசம் எனப்படும் இம்முறையின் சாரம் எளிது: பொருளை வரையாமல், அதன்மீது அந்நேரம் விழும் ஒளியை வரைவது. நிழல் இங்கே கறுப்பல்ல. நீலம் அல்லது ஊதா. கலை வரலாற்று நூல்கள் இதை மேதைமையின் கதையாகச் சொல்லும். பொருளாதாரம் பயின்றவனுக்கு வேறொன்றும் தெரிகிறது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வண்ணத்தை அடைக்கும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணத்தை வெளியே கொண்டுசெல்வது பெரும்பாடு. ரயில், ஓவியரைப் பாரிஸிலிருந்து வயல்வெளிக்கு அழைத்துச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் துரான்-ருயெல் என்ற வணிகர், எள்ளி நகையாடப்பட்ட ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கினார். கடனில் மூழ்கும் நிலைக்கும் வந்தார். 1886-இல் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஒளிக்கா பஞ்சம்? சவ்வரிசி ஆலைகளின் உலர்களத்தில் உச்சிவெயில் கண்ணைக் கூசும். மாலையில் அதே களம் வெளிர்மஞ்சளாகிவிடும். ஆங்கிலேயர் 'சுண்ணாம்புக் குன்றுகள்' என்று தவறாகப் பெயரிட்ட வெள்ளைக்கல் மேடுகள் ஒருபுறம். இரும்புத் தாது பொதிந்த கஞ்சமலை மறுபுறம். தொலைவில் கொல்லிமலை மணிக்கு மணி நிறம் மாறும்.

இத்தகைய ஒளிக்குப் பேஸ்டல் ஏற்றது. வண்ணத் தூளில் சிறிதளவு பிசின் சேர்த்து உருட்டிய குச்சி அது. குழைக்க வேண்டியதில்லை, உலரக் காத்திருக்க வேண்டியதில்லை. மேகம் மறைக்குமுன் தீட்டிவிடலாம். ஆனால் கைபட்டாலே கலையும். கண்ணாடிச் சட்டமில்லாமல் நிலைக்காது. எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள் ஆகும். ஆனால் அடுக்கடுக்காகத் தீட்டலாம், திருத்தலாம், நீடித்தும் நிற்கும். வயல்வெளியில் பேஸ்டலில் பிடித்ததை வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் விரிவாக்குவது ஒரு நல்ல வழி.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலிருந்து பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். ஆக, குறை வழங்கலில் இல்லை, தேவையில்தான். விருதுகளும் ஓவிய முகாம்களும் நல்லவையே. ஆனால் அவை வாங்குபவரை உருவாக்குவதில்லை. நம் வீட்டுச் சுவரில் சுவிட்சர்லாந்து ஏரி நாள்காட்டியாகத் தொங்குகிறது, திருமணிமுத்தாறு தொங்குவதில்லை! இதற்கிடையே கல்குவாரிகளால் குன்றுகள் உருமாறுகின்றன. சாலை விரிவாக்கத்தில் புளியமரங்கள் போயின. வரையப்படாமலேயே ஒரு நிலம் மறைந்துகொண்டிருக்கிறது.

இவ்விரு மாவட்டங்களிலும் கல்லூரிகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரே ஒரு நிலக்காட்சி ஓவியத்தை, தன் வட்டாரத்தில் வரையப்பட்டதை, ஓவியரிடமிருந்து நேரடியாக விலை கொடுத்து வாங்கி, பார்வையாளர் அமரும் கூடத்தில் மாட்டலாம். ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.