வழி அறிந்து வண்டி தேர்தல்

தார்ச்சாலை முடிகின்ற இடத்தோடு மக்கள் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அதற்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன. தோட்டங்களும் கழனிகளும் இருக்கின்றன. மருத்துவரின் வரவை எதிர்நோக்கி நோயாளிகள் படுத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே செல்ல விரும்புவோர் கல்லையும் சேற்றையும் மணலையும் கடந்தே ஆகவேண்டும். அத்தகைய கரடுமுரடான வழிகளுக்கென்றே அமைந்த வண்டிகள் இன்று பல வகையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் நமக்குத் தக்கதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

தேர் வலிமையுடையதாயினும் கடலிற் செல்லாது, கப்பல் நிலத்திற் செல்லாது என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘இடனறிதல்’ என்னும் அதிகாரத்தில் அமைத்தார். வண்டியின் சிறப்பு வண்டியிலே மட்டும் அடங்கியதன்று. அது ஓடும் இடத்தையும் சுமக்கும் சுமையையும் பொறுத்தது. இவ்வுண்மையை மறந்து, விளம்பரத்தில் மலையுச்சியில் நிற்கும் வண்டியைக் கண்டு மயங்கி வாங்குவோர் பலர். யானையைக் கட்டித் தீனி போடுவது எத்தகையது என்பதைப் பின்னரே அவர்கள் உணர்கின்றனர்.

இவ்வகை வண்டிகளின் வரலாறே நமக்கு நல்ல பாடமாகும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையினர் தமக்கு வேண்டிய வண்டி எத்தகையது என்பதை முதலில் எழுத்தில் வரையறுத்தனர். அது சிறியதாக இருக்கவேண்டும். நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயக்கப்பட வேண்டும். எடை ஏறத்தாழ 590 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அதே வேளையில் 270 கிலோகிராம் அளவுக்குச் சுமையும் ஏற்கவேண்டும். ‘பாண்டம்’ என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. அவர்கள் விதித்த எடைக்குள் உறுதியான வண்டியை எவராலும் செய்ய இயலவில்லை. இறுதியில் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் பேரளவில் செய்த ஜீப் வண்டியின் எடை ஆயிரம் கிலோகிராமைத் தாண்டியது. வேண்டியவை எல்லாவற்றையும் ஒருங்கே பெற முடியாது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அன்றே புலனாயிற்று.

போருக்குப் பின், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தைச் சார்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் ஒரு ஜீப்பைப் பயன்படுத்தி வந்தார். உழவர்க்கு ஏற்ற அத்தகைய வண்டி ஒன்றை உருவாக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லேண்ட் ரோவர் அதன் பயனாகும். அக்காலத்தில் எஃகு தட்டுப்பாடாக இருந்தமையால் அதன் மேற்கூடு அலுமினியக் கலவையால் ஆயிற்று. ஜெர்மனியிலோ போருக்குப் பின் தோன்றிய யூனிமாக் என்னும் பண்ணை வண்டியின் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், உருளைக்கிழங்குப் பாத்தியின் இரண்டு வரிசைகளுக்குப் பொருந்துமாறு 1270 மில்லிமீட்டராக வகுக்கப்பட்டது. தேவை முன்னே நின்றது. வண்டி அதனைத் தொடர்ந்தது. வாங்குவோரும் இம்முறையையே பின்பற்ற வேண்டும்.

ஆதலின், கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்துச் சில வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்வது நலம். நாம் செல்லும் வழி எத்தகையது? ஆண்டில் எத்தனை நாள் அவ்வழியில் செல்வோம்? எத்தனை பேர், எவ்வளவு சுமை? வண்டி பழுதுற்றால் அருகில் செப்பனிடுவார் உண்டா? எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் எவ்வளவு செலவிட இயலும்? இவ்விடைகள் உண்மையாக அமையின், தேர்வின் பெரும்பகுதி முடிந்ததாகவே கொள்ளலாம்.

இனி, வண்டியின் உறுப்புகள் எவ்வெவ்விடத்தில் பயன்படுகின்றன என்பதைக் காண்போம். முதலாவது, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உயரம். கல்லும் மேடும் அடிப்பகுதியில் இடியாமல் காப்பது இதுவே. ஆனால் உயரம் மட்டும் போதாது. முன் சக்கரத்திற்கு முன்னே வண்டியின் மூக்கு நீண்டிருந்தால் ஏற்றத்தின் தொடக்கத்திலேயே அது முட்டும். பின்புறம் நீண்டிருந்தால் இறக்கத்தை விட்டுச் சமதரைக்கு வரும்போது உரசும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே நீளம் மிகுந்திருந்தால் மேட்டின் முகட்டில் வயிறு தட்டி வண்டி தொங்கி நிற்கும். கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் கற்பாதையில் ஜீப்புகள் ஏறிச் செல்வதைக் காண்போர், இவ்வமைப்பின் பயனை நேரில் உணர்வர்.

இரண்டாவது, டயர். வண்டி முழுவதும் தரையைத் தொடுவது டயரின் சிறுபகுதியால்தான். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 1600 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 400 கிலோகிராம் விழுகிறது என்று கொள்வோம். டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் ஆனால், டயர் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொடும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அப்பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும். மணலில் செல்வோர் காற்றைக் குறைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. கெட்டியான சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். எடை குறைந்த வண்டி மணலில் புதையாமல் எளிதாகச் செல்வதும் இக்கணக்கின் வழியே விளங்கும்.

மூன்றாவது, எஞ்சினின் ஆற்றல் சக்கரங்களைச் சேரும் முறை. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு ஓடவேண்டும். இதற்கு இடந்தருவது டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. இது இருபுறச் சக்கரங்களுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பகிர்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அதனைச் சுழற்றச் சிறு விசையே போதும். மற்றச் சக்கரத்திற்கும் அச்சிறு விசையே கிடைக்கும். விளைவு யாது? சேற்றிலுள்ள சக்கரம் வீணே சுழல, கெட்டித் தரையிலுள்ள சக்கரம் அசையாமல் நிற்கிறது. இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலுமாறு பூட்டும் அமைப்பு இதற்கு ஒரு தீர்வு. வீணே சுழலும் சக்கரத்தை மின்னணுக் கருவியின் துணையால் பிரேக்கிட்டு நிறுத்தும் முறையை இன்றைய வண்டிகள் பலவற்றில் காணலாம்.

நான்கு சக்கர இயக்கத்திலும் வகைகள் உண்டு. வேண்டும்போது மட்டும் முன்னச்சைப் பின்னச்சோடு இணைக்கும் எளிய வகையை உலர்ந்த தார்ச்சாலையில் இணைத்து ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓட முயலும். இணைப்பு அதற்கு இடந்தராது. உறுப்புகள் முறுக்குண்டு தேயும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் இத்தொல்லை இல்லை. செங்குத்தான ஏற்றத்திற்கும் பாறைவழிக்கும் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் தாழ் கியர் தேவை. பழைய வில்லிஸ் ஜீப்பில் அது விசையை ஏறத்தாழ இருமடங்காக்கிற்று. இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்கு சூடேறிச் செயலிழக்கும் ஆபத்தும் குறைகிறது.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கவேண்டும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவும். விரைவாக நிறுத்த உதவாது. பிரேக்கு எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களையும் பிடிக்கவே செய்கிறது. மழைச்சாலையில் இவ்வண்டிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டென்று எண்ணி விரைவோர் தம் உயிரோடு பிறர் உயிரையும் இடர்ப்படுத்துகின்றனர். உயரமான வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயர்ந்திருப்பதால், வேகமான திருப்பத்தில் அது கவிழும் வாய்ப்பு மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இப்போது மூவரை எடுத்துக்கொள்வோம். நகரத்தில் வாழ்ந்து, மாதம் ஒருமுறை சரளைச் சாலை வழியே சொந்த ஊருக்குச் செல்பவர் ஒருவர். அவருக்குச் சற்று உயர்ந்த அடிப்பகுதியும் நல்ல டயரும் போதும். இரண்டு சக்கர இயக்கமே அமையும். நான்கு சக்கர இயக்கத்தின் கூடுதல் எடையை அவர் நாள்தோறும் நகரத்தில் இழுத்துத் திரிந்து எரிபொருளை வீணாக்க வேண்டுவதில்லை.

மலைத்தோட்டத்தில் நாள்தோறும் ஏறி இறங்குபவர் இரண்டாமவர். அவருக்குத் தாழ் கியர் இன்றியமையாதது. நீளம் குறைந்த, உறுதியான அடிச்சட்டமுடைய, அருகிலுள்ள பட்டறையில் செப்பனிடத்தக்க வண்டியே அவருக்கு ஏற்றது. சாலைப் பயணத்தில் அது குலுக்கினாலும் அவர் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாமவர் மலைச்சிற்றூர்களுக்குச் செல்லும் மருத்துவக் குழுவினர். இவர்களுடைய தேர்வே கடினமானது. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுவர வண்டி நீண்டிருக்க வேண்டும். நீண்டால் மேட்டில் வயிறு தட்டும். இங்கே நீளத்தை விட்டுக்கொடுக்க இயலாது. ஆகவே அடிப்பகுதியை உயர்த்தி, தாழ் கியரையும் பூட்டும் அமைப்பையும் சேர்த்து, மிகக் கடினமான பகுதிகளை மெல்லக் கடக்கத் தேர்ந்த ஓட்டுநரை அமர்த்துவதே வழி. உதிரி உறுப்புக்காகத் தொலைநகரத்தை எதிர்பார்த்துக் கொட்டகையில் நிற்கும் விலையுயர்ந்த வண்டியைவிட, அழைத்த இரவிலே புறப்படும் எளிய வண்டி அவர்களுக்கு ஆயிரம் மடங்கு மேலானது. வண்டி வரவில்லையாயின் நோயாளியை டோலியில் கட்டி உறவினர் தோளில் சுமக்க நேரும். அந்தத் தாமதத்தின் விலையைப் பணத்தால் அளக்க முடியாது.

மாணவர்களாகிய நீங்கள் நாளை உங்கள் குடும்பத்திற்காக வண்டி வாங்கலாம். ஓர் ஊராட்சிக்கோ மருத்துவமனைக்கோ வாங்கும் பொறுப்பும் உங்களிடம் வரலாம். அப்போது எந்த வண்டி சிறந்தது என்று கேளாதீர்கள். இந்த வழிக்கு, இந்தச் சுமைக்கு, இந்தச் செலவிற்கு எது போதும் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அவ்வழியில் நடந்து சென்று, எங்கே சேறு, எங்கே பாறை, எங்கே ஓடை என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். விற்பவர் கூறும் சிறப்புகளுள் உங்களுக்கு வேண்டியவை எவை, வேண்டாதவை எவை என்பது தானே விளங்கும்.