இரைப்பைப் புண்ணும் காப்பு மருந்துகளும்

இரைப்பை அல்லது முன்சிறுகுடலின் உட்சுவரை அமிலம் அரிப்பதால் உண்டாகும் புண் வயிற்றுப்புண் அல்லது அல்சர் எனப்படுகிறது. வயிற்றுக் கோளாறுகளுக்குத் தரப்படும் மருந்துகளில் ஒரு வகை, அமிலம் சுரப்பதைக் குறைக்காமல், அமிலத்துக்கும் உட்சுவருக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது. இவை காப்பு மருந்துகள் ஆகும். சுக்ரால்ஃபேட், ஆல்ஜினேட் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இரண்டும் குழம்பு போன்ற திரவமாகப் புட்டியில் கிடைப்பதால் பலர் இவற்றை ஒன்றெனக் கருதுகின்றனர். ஆனால் இவை செயல்படும் இடமும் முறையும் வேறு.

ஆல்ஜினேட்: கடலிலிருந்து வரும் மருந்து

ஆல்ஜினேட் பழுப்புப் பாசிகளின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படுகிறது. பிரித்தானிய வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு 1881ஆம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்தார். இந்தியாவில் இதற்கு ஏற்ற பாசிகள் மிகுதியாக வளரும் இடங்களில் ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கடற்பகுதி. சர்காசம் எனப்படும் கட்டக்கோரையும், டர்பினேரியா எனப்படும் பக்கோடா பாசியும் இங்குள்ள பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் வளர்கின்றன. பாம்பன், இராமேசுவரம் பகுதி மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி இவற்றைப் பறித்து, கரையில் உலர்த்தி விற்கின்றனர். 1986இல் இங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டது.

மருந்தில் சோடியம் ஆல்ஜினேட்டுடன் சோடியம் பைகார்பனேட் சேர்க்கப்படுகிறது. இரைப்பை அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாக உறைகிறது; பைகார்பனேட்டிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் அதில் சிக்கிக்கொள்கின்றன. அதனால் கூழ் தெப்பம்போல் உணவின்மேல் மிதந்து, அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதைத் தடுக்கிறது. இது எதுக்களிப்புக்கும் நெஞ்செரிச்சலுக்கும் உரிய மருந்து. மேலே மிதப்பதால், இரைப்பைச் சுவரிலுள்ள புண்ணை ஆற்ற இதை நம்பியிருக்க முடியாது. தெப்பம் மிதக்க உணவு வேண்டும் என்பதால், உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் இது உட்கொள்ளப்படுகிறது.

சுக்ரால்ஃபேட்

இது சர்க்கரையையும் அலுமினியத்தையும் கொண்ட ஒரு சேர்மம். அமிலத்தில் பசைபோலாகி, புண்ணில் கசியும் புரதங்களுடன் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ ஆறு மணி நேரம் படலமாக நிற்கிறது. அதன் அடியில் புண் ஆறுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் மருந்து உணவிலுள்ள புரதத்தோடு ஒட்டி வீணாகும். எனவே பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு கிராம் வீதம், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் படுக்கும் முன்பும், நாளொன்றுக்கு நான்கு வேளை, 4 முதல் 8 வாரம் வரை தரப்படுகிறது.

மலச்சிக்கல் இதன் பொதுவான பக்கவிளைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடலில் அலுமினியம் தேங்கக்கூடும். தைராய்டு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை உடலில் சேர்வதையும் இது குறைப்பதால், அவற்றுக்கு உரிய இடைவெளியை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வலி நின்றால் போதுமா?

படலம் புண்ணைக் காக்கும். புண்ணுக்கான காரணத்தை நீக்காது. வயிற்றுப்புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, உடல்வலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். பாக்டீரியாவைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பாக்டீரியா இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஒமெப்ரசோல் போன்ற அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துத் தரப்படும். வலி மாத்திரையே காரணமானால், மருத்துவர் ஆலோசனையுடன் அதை நிறுத்தவோ மாற்றவோ வேண்டும்.

இந்தியக் கடைகளில் சுக்ரால்ஃபேட்டுடன் மரத்துப்போகச் செய்யும் ஆக்சிடகெய்ன் கலந்த திரவமும் கிடைக்கிறது. அதைக் குடித்ததும் வலி தணிவதால் புண் ஆறிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. கருநிற மலம், இரத்த வாந்தி, திடீரெனத் தாங்க முடியாத வயிற்றுவலி ஆகியவை இரத்தக்கசிவு அல்லது இரைப்பையில் துளை விழுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது புட்டி மருந்தை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.