மணக்கும் தாழையும் மணக்காத் தாழையும்

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்பெறும் 99 மலர்களுள் தாழையும் ஒன்று. கைதை, கேதகை என்பன அதன் பிற பெயர்கள். குமரி மாவட்டத்தார் அன்னாசியைக் 'கைதச்சக்கை' என வழங்குவதும் இதனாலேயே. இலையும் காயும் தாழையை ஒத்திருந்தமையால், கடல் கடந்து வந்த செடிக்கு நம் மண்ணின் பெயர் வாய்த்தது. பெயர் நாவில் நிலைத்துவிட்டது. செடியோ கண்ணினின்று மறைந்து வருகிறது. வாய்க்கால் கரையில் கற்சுவர் எழும்போது முதலில் வெட்டுண்பது தாழம்புதரே. வகுப்பில் தாழையைப் படிக்கும் மாணவர் பலர் அதன் மணத்தை நுகர்ந்ததில்லை. ஆதலின் இதனை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தாழையில் ஆண், பெண் எனச் செடிகள் தனித்தனியே உள. வெண்மஞ்சள் மடல் விரித்து மணம் பரப்புவது ஆண் செடியின் பூங்கொத்தே. பெண் செடி அன்னாசி போன்ற காயைத் தருமேயன்றி அந்நறுமணத்தைத் தராது. பூக்கும்வரை இரண்டையும் பிரித்தறிதல் அரிது. எனவே விதையிட்டு வளர்ப்போர் ஏமாற நேரும். மணமுள்ள பூ ஈன்ற செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதே தக்க வழி. கன்று தாயின் பாலையே பெறும். பிரியாணிக்கும் இனிப்புகளுக்கும் மணமூட்டும் கேவுடா நீரும், தாழம்பூ அத்தரும் பெருமளவில் உருவாகும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து உழவரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி மாதம் நடுவதற்கு ஏற்றது. வெயில் படும் இடமும் ஈர மண்ணும் வேண்டும். உவர் மண்ணையும் தாழை தாங்கும். இலையின் ஓரங்களிலும் நடுநரம்பிலும் முள் உண்டு. ஆகவே, நடைவழியை விட்டு விலகி, வேலியோரம் பத்தடி இடம்விட்டு நடுதல் நலம். பூப்பதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

மணத்தை நாடிப் பாம்பு வரும் என்பர். உண்மையில் பாம்பை ஈர்ப்பது மணமன்று. அடர்ந்த புதரும் அதில் தங்கும் எலியும் தவளையுமே. காய்ந்த மடல்களை அவ்வப்போது களைந்து அடிப்பகுதியைத் துப்புரவாக வைத்தால் அவ்வச்சம் பெரிதும் குறையும்.

பழையாற்றங்கரை முதல் மணக்குடிக் காயல் வரை கரையுள்ள ஊர்களுக்குத் தாழை அழகு மட்டுமன்று, அரணுமாகும். அதன் விழுதுகள் மண்ணைப் பற்றிக் கரையரிப்பைத் தடுக்கின்றன. கல்லூரி வளாகத்தின் ஈரமான மூலையில் ஓர் ஆண் கன்றை நட்டு வளர்த்தால், நெய்தல் திணையை நடத்தும் ஆசிரியர் மாணவரை அங்கே அழைத்துச் சென்று காட்டலாம். உரை நூல் தர இயலாத விளக்கத்தை அம்மலர் தரும்.