மருத்துவரின் மார்க்கமும் நோயாளியின் உயிரும்

பொம்மையார்பாளையத்தில், மகளை மருத்துவம் பயில அனுப்பியிருக்கும் தகப்பனார் ஒருவர் என்னிடம் வினவினார்: "ஹஜ்ரத், கருக்கலைப்புச் செய்ய நேர்ந்தால், மார்க்கத்தைச் சொல்லி என் மகள் மறுத்துவிடலாமா?"

அந்நாள் இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட நன்னடத்தை விதிகளே இன்றும் நடப்பில் உள்ளன. 2023-இல் வந்த புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. மருத்துவக் காரணம் இருக்குமாயின், மதத்தை மட்டும் காட்டி நான்கினை மருத்துவர் மறுத்தலாகாது என்கின்றன அவ்விதிகள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை, கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவற்றோடு நான்காவதாக நிற்பது சுன்னத்! நுனித்தோல் இறுகிச் சிறுநீர் கழிக்க இயலாமல் துடிக்கும் சிறுவனை, "இது எங்கள் மதத்தில் இல்லை" என்று பிற சமய மருத்துவர் திருப்பியனுப்ப முடியாது. (மார்க்கக் கடமைக்காக மட்டும் செய்யும் சுன்னத் இதில் அடங்காது.) நம் பிள்ளையைக் காக்கும் அதே விதிதான் அவருடைய மகளையும் கட்டுகிறது.

மறுப்பின் விலை யாது? 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 17 வாரக் கர்ப்பிணி. கரு தங்காதெனத் தெரிந்த பின்னும், சிசுவின் இதயம் துடிக்கிறதென்று கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவி 28-ஆம் நாள் மரணமடைந்தார். அங்கே குறுக்கே நின்றது தனியொரு மருத்துவரின் மனச்சாட்சியன்று, அன்றைய நாட்டுச் சட்டம். படுக்கையில் கிடந்தவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? தாயின் உயிருக்கு ஆபத்தெனில் அவளைக் காப்பதே முதன்மை என்று நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பலரும் கூறியுள்ளனர்.

தமக்குத் திறமை போதாதெனக் கருதும் மருத்துவர் விலகலாம் என்றும் விதியில் உண்டு. இது சாக்காகிவிடுமோ என்பதே என் அச்சம். தகப்பனாரிடம் சொன்னேன்: "மெய்யாகவே கைப்பழக்கம் இல்லையெனில், நோயாளி வந்த நிமிடமே மகள் அதைச் சொல்லட்டும். புதுச்சேரிக்கு வண்டியேற்றிவிட நேரமிருக்கும்."