எண்ணெய் என்னும் சொல்லும் இதய நலமும்

மாரடைப்பு என்பது நோயின் காரணத்தையே பெயராகக் கொண்ட சொல். எனினும் அடைப்பு என்றதும், அடுப்படிக் குழாயில் பிசுக்குச் சேர்வதைப் போன்றதொரு காட்சியே நம் மனத்தில் எழுகிறது. உண்மையில் கொழுப்புப் படிவது இரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயாகும். பல ஆண்டுகள் அமைதியாக வளரும் அப்படிவின் மேலுறை ஒருநாள் கிழிய, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடுகிறது. அடைப்பு நிகழ்வது நிமிடங்களில். அதற்கான தொடக்கமோ இளமையிலேயே. ஆதலின் இப்பொருள் மாணவர்க்கும் உரியதே.

அப்படிவின் மூலப்பொருள் எல்.டி.எல். எனப்படும் கொலஸ்டிரால். நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்பவரின் கல்லீரல், இரத்தத்திலிருந்து இதனை அகற்றும் ஆற்றலில் குறைகிறது. நிறைவுறாக் கொழுப்பை அதற்கு ஈடாக உண்டால் இரத்தத்தில் இதன் அளவு தாழ்கிறது.

இங்கேதான் நம் சொல்வழக்கு இடர் செய்கிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். நாளடைவில் அது கடலை, தேங்காய் முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. நிறைவுற்ற கொழுப்பு நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15 விழுக்காடு. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 50. தேங்காய் எண்ணெயிலோ 80க்கும் மேல். "எண்ணெயைக் குறையுங்கள்" என்னும் அறிவுரையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. "எந்த எண்ணெயை?" என்று திருப்பிக் கேட்பவரும் அரியர்.

நம் நாட்டில் பால்மரம் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. சமையலறையிலும் அவ்வெண்ணெயே இடம்பிடித்தது. வைகறையில் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியவர் உண்ட சோற்றின் அளவையே, நாற்காலியில் அமர்ந்து பணிசெய்யும் பேரப்பிள்ளைகளும் உண்கின்றனர். அதன்மேல் ரொட்டி சானாயும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும்.

அதற்காகப் பழைய உணவெல்லாம் நன்று எனக் கொள்வதற்கில்லை. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவராக விளங்கிய டி. ஜே. தனராஜும் அவர்தம் குழுவினரும், சிங்கப்பூரின் பிணப்பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சீனரைவிட இந்தியரிடையே இதயத் தமனி நோய் பன்மடங்கு மிகுதி என்பது அவர்தம் முடிவு. அவ்விந்தியர் நகரத்தார்; தோட்டத்தாரைப் பற்றி அதைக்கொண்டு நேரே முடிவு கூறலாகாது. ஆயினும், துரித உணவுக் கடைகள் வருவதற்கு முன்பே இந்நோய் நம்மிடையே வேரூன்றியிருந்தது.

இது பிறப்பினால் மட்டும் வருவதாயின் நாம் செய்வதற்கு ஏதுமில்லை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வு வேறு கூறுகிறது: புகை, இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளிட்ட ஒன்பது காரணிகளே மாரடைப்பின் பெரும்பங்கிற்கு அடிப்படை, காய்கனிகளை நாள்தோறும் உண்பது காப்பளிக்கிறது. முருங்கைக்கீரையும் பருப்பும் நம் சமையலில் பழையனவே. அவற்றின் அளவைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தல் எளிது. உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் அக்கணக்கில் அடங்கும்.