வாசலில் ஒரு கண்



ஆம்புலன்ஸின் நம்பர் பிளேட்டைப் படித்து ஆஸ்பத்திரி வாசலைத் தானே திறக்கும் கேமராவுக்கு உங்கள் காணிக்கையை உபயோகிக்க விரும்புகிறோம்.

சாதாரணக் கண்காணிப்புக் கேமரா போதாது. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் எண் மறைந்துவிடும். அகச்சிவப்பு விளக்கும் வேகமான ஷட்டரும் அவசியம். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதால் எழுத்துகள் தெளிவாய்த் தெரியும். வண்டிகள் மெதுவாய் வரும் வேகத்தடையை நோக்கி, அதிகம் சாய்வின்றிக் கேமராவைப் பொருத்த வேண்டும்.

ஆனால் சேறு படிந்த எண்ணை அது படிக்காது. பிரசவ வேதனையோடு ஆட்டோவில் வரும் சகோதரியின் வண்டி எண்ணும் பட்டியலில் இராது. ஆகையால் வாட்ச்மேனை நிறுத்தமாட்டோம். கேமரா திறக்கலாம், ஒருவரையும் தடுக்கக்கூடாது. இதற்காக ஜெபியுங்கள்.