விரலைத் தொடரும் கண்
லயத்து மனசு – 9

1940 ஜனவரியில் இலங்கை மலையகத்தில், ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தொழிற்சங்க மேடைகளில் அவர் பெயர் இன்றும் ஒலிக்கிறது. அன்று வெடிச்சத்தம் கேட்டவர்களின் தூக்கத்தைப் பற்றி மட்டும் மேடை பேசுவதில்லை.

மலையகத்தில் குடியைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். "எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்போம், சம்பள நாளைக் குறை சொல்வோம், முடித்துக்கொள்வோம். எந்த நேரத்தில், எதைக் கண்டால் கால் சாராயக்கடைப் பக்கம் திரும்புகிறது என்று யார் கேட்கிறோம்?

ஒருவரை எண்ணிக்கொள்வோம். 2014 அக்டோபரில் மீரியாபெத்த தோட்டத்தில் நடந்தது போன்ற மண்சரிவில், சேற்றுக்குள் கைவிட்டு அயலாரைத் தேடியவர். முதல் மழை விழுந்து ஈரமண் வாசம் எழும்போதே அவருக்குக் கை நடுங்கும். ஒரு கிளாஸ் உள்ளே போனால் நடுக்கம் அடங்கும். அவருக்கு அது மருந்து, மோசமான மருந்து. அந்த நடுக்கத்தின் வேரான நினைவையே தொட முயலும் சிகிச்சை ஒன்று உண்டு.

1987-இல் அமெரிக்காவில் பிரான்சின் ஷபிரோ என்பவர், கண் இடமும் வலமும் அசையும்போது மனதை அரித்த நினைவின் கூர்மை மழுங்குவதைத் தன்னிடமே கவனித்தார். அதிலிருந்து பிறந்தது ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை. துயரக் காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். மனதின் வேலைமேசை சிறியது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமல் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். மந்திரம் போலத் தெரிகிறதே என்று எனக்கும் முதலில் சந்தேகம்தான். ஆனால் 2013-இல் உலக சுகாதார நிறுவனமே, பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநெருக்கடிக்கு இதைப் பரிந்துரைத்தது. 2004 சுனாமிக்குப் பின் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து இலங்கை உளவளத்துணையாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தார்கள்.

குடிப்பழக்கத்துக்கும் இது உதவுமா? 2008-இல் ஜெர்மனியில் மிக்கேல் ஹாசே குழுவினர் 34 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இரண்டே அமர்வுகள் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குடிவேட்கை குறைந்தது. 2020-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அங்கே தொட்டது குடியோடு ஒட்டிய நினைவுகளை. அதற்கு அடியில் கிடக்கும் காயத்தைத் தொடுவது வேறு வேலை. நம் மண்சரிவுக்காரருக்கு வேண்டியது அந்த இரண்டாவது வேலைதான் என்று நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். ஆகவே முதலில் வைத்தியசாலை. விரலும் கண்ணும் பிறகு. யூடியூப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கிற விஷயமும் இல்லை இது.

நினைவைத் தொடுவதற்கு முன் ஒரு பயிற்சி உண்டு: "உங்களுக்குப் பத்திரமான ஓர் இடத்தை மனதில் கொண்டு வாங்க." தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டடி அறையில், மேலே மலையை வைத்துக்கொண்டு படுப்பவரிடம் இதைக் கேட்க வேண்டும், அதுவும் அவர் பேசும் தமிழில். வீட்டைச் சொல்வாரா? எனக்கென்னவோ, மாரியம்மன் கோயில் வாசலைச் சொல்வார் என்றே படுகிறது.

(அடுத்த வாரம்: குடிக்காத மனைவிகளின் தூக்கம்)